விழுந்தால் அடிக்கும் மணி

தையல் மெசினை இடையிடையே நிறுத்திக் காது கொடுப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு சட்டையின் தோளை மூட்டுவேன், மிதியிலிருந்து காலை எடுப்பேன், வீட்டுக்குள் மகளின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். அவள் பாடிக்கொண்டோ கரண்டியால் எதையாவது தட்டிக்கொண்டோ இருந்தால் அடுத்த தோளை மூட்டுவேன். சத்தமில்லாவிட்டால் எழும்பிப் போவேன். பெரும்பாலும் படம் கீறிக்கொண்டிருப்பாள், அல்லது பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து மெசினில் இருந்தால் எந்த இடத்தில் விட்டேன் என்பது மறந்துபோயிருக்கும். நெடுந்தீவில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற ஆட்கள் அப்போது அதிகமில்லை. துணி வந்து குவியும். ஒருவரும் சொன்ன நாளில் சட்டையை வாங்கிக்கொண்டு போனதில்லை.

மகளுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு, வாசலில் நின்று செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். முதலில் செருப்பு வார் தடக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். லோஞ்சில் ஏற்றிக் கடல் தாண்டி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். டொக்டர் குளிசை எழுதித் தந்தார். பிறகு, "தண்ணியடியில தனிய விடாதேங்கோ. நெருப்படியில விடாதேங்கோ. உயரத்தில ஏற விடாதேங்கோ. மற்றப்படி பிள்ளை நல்லா இருப்பா," என்றார். நல்ல மனிதர்தான். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில், கிணற்றடியில் குளித்து, விறகடுப்பில் சமைக்கிற வீட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது.

அன்றைக்குப் பிறகு நான் முழுசாக ஒரு வேலையும் செய்ததாக நினைவில்லை. குளிக்கும்போது கிணற்றடிக் கல்லில் அவளை இருத்தி வைத்து, சவர்க்காரம் கண்ணில் எரிய எரியக் கண்ணைத் திறந்தபடி குளித்தேன். மீன் வெட்டினாலும் ஒரு கண் அவளில். படுத்தாலும் ஒரு கை அவளில். வலிப்பு அப்படி அடிக்கடி வருவதுமில்லை. சில மாதம் வராது. வராத மாதங்களில்தான் களைப்பு அதிகம், ஏனென்றால் இன்றைக்கு வரும் இன்றைக்கு வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்க வேண்டும்.

என் மனுசன் படகு எஞ்சின் திருத்துகிறவர். றேடியோவும் திருத்துவார். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு வந்தால் எஞ்சின்கள் ஓடாது. ஓடாத எஞ்சின் பழுதாகாது. அப்படியான நாட்களில் அவர் விறாந்தை மேசையில் இருந்துகொண்டு எதையாவது கழற்றிப் பூட்டுவார். வாய் அதிகம் கதைக்காது. மகளைப் பற்றி என்னோடு இருந்து கவலைப்பட்டதும் இல்லை. நான் அழுதால் எழும்பி வெளியே போவார். அதற்காக அவரில் எனக்குக் கோபம் இருந்தது.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில் அவருடைய தமையன் வெளிநாட்டிலிருந்து வந்தார். எங்களுக்கென்று ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் கொண்டுவந்தார். சொக்கலேற், துவாய், மகளுக்குக் குளிர்ச்சட்டை. அடியில் இரண்டு வாசல் மணிகள். வயர் இல்லாத மணி. வெள்ளைப் பொத்தானை வாசலில் ஒட்டிவிட்டு, மணிப்பெட்டியை உள்ளே வைத்தால், யாராவது பொத்தானை அமத்தும்போது பெட்டி பாடும். ஒன்று குருவி மாதிரிக் கத்தியது. மற்றது 'டிங் டொங்' என்றது.

"இஞ்ச ஆர் அண்ணை மணி அடிச்சுக்கொண்டு வரப்போகினம்? படலைக்குள்ள வரேக்கையே கூப்பிட்டுக்கொண்டுதானே வாறவை," என்று நான் சிரித்தேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. ஒரு நாளைக்கு உதவும்," என்றார் அவர்.

அவர் திரும்பிப் போன கிழமையே என் மனுசன் குருவி மணியின் பொத்தானைக் கழற்றிவிட்டார். எனக்குப் பெரிதாக ஆச்சரியமில்லை. அந்த வீட்டில் எது கழற்றப்படாமல் இருந்தது? ஆனால் இந்த முறை அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அது வழக்கமில்லாதது.

மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குழாய். அதற்குள் சைக்கிள் சில்லுக்குள் இருக்கிற இரும்புக் குண்டு ஒன்று. குழாயின் மேல்நுனியில் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. குழாயை நிமிர்த்திப் பிடித்தார். குண்டு அடியில் கிடந்தது. சரித்தார். குண்டு உருண்டுபோய் இரண்டு கம்பியிலும் முட்டியது. குசினிக்குள், அடுப்படியில் வைத்திருந்த பெட்டியில் குருவி கத்தியது.

"பிள்ளை விழுந்தால் குண்டு ஓடும். குண்டு ஓடினால் மணி அடிக்கும். நீர் மெசினில இருந்தாலும் கேக்கும்," என்றார்.

மெசினை நிறுத்தி நிறுத்தி நான் காது கொடுத்ததை இந்த மனுசன் இத்தனை வருசமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

குழாயும் பொத்தானும் வைக்க ஒரு சின்னத் துணிப்பை தைத்தேன். மகளின் சட்டைக்குள், நெஞ்சோடு கிடக்கிற மாதிரி, இடுப்பைச் சுற்றியும் ஒரு நாடா வைத்து. அவளுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வளவெல்லாம் ஓடினாள். குருவி ஓயாமல் கத்தியது.

ஓடினால் கத்தியது. குனிந்தால் கத்தியது. சப்பாத்து மாட்ட, பூ பொறுக்க, பூனையைத் தூக்க, எல்லாவற்றுக்கும் கத்தியது. முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு தடவையும் நான் எழும்பி ஓடினேன். மூன்றாம் நாள் மெசினில் இருந்தபடியே, "பிள்ளை, என்ன?" என்று கத்தினேன். "ஒண்டுமில்லை அம்மா, குனிஞ்சனான்," என்று பதில் வந்தது. அப்படியென்றால் மணி எதற்கு? அவரிடம் கேட்டேன். அவர் குழாயை வாங்கிக்கொண்டு போய் மேசையில் இருந்தார்.

அடுத்த கிழமை குழாய்க்குள் தடித்த எஞ்சின் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். எண்ணெய்க்குள் குண்டு மெல்லத்தான் உருளும். குனிந்து நிமிர்ந்தால் பாதி வழி போய்த் திரும்பிவிடும். விழுந்து கிடந்தால்தான் கம்பிவரை போய்ச் சேரும். அது வேலை செய்தது. நான் சந்தோசப்பட்டேன், ஓம். ஒரு பின்னேரம் மெசின் ஓடிக்கொண்டிருக்கக் குருவி கத்தியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மகள் பின்வாசலில் கிடந்தாள், கை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சரித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, அவள் கண் திறக்கும்வரை மடியில் வைத்திருந்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மணி அடிச்சதுதானே," என்றார்.

அந்த நாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. தமையனுக்குச் சொல்லி, ஊருக்கு வருகிற ஆட்களிடம் இன்னும் மணிகள் எடுப்பித்தார். கிணற்றைச் சுற்றிப் பலகை போட்டார். பலகையில் கால் வைத்தால் டிங் டொங். படலையில் காந்தம் வைத்தார். படலை திறந்தால் ஏதோ வெள்ளைக்காரப் பாட்டு. குசினி வாசலில் ஒன்று, மதில் பக்கத்தில் ஒன்று. கடற்கல்லை அடுக்கிக் கட்டின எங்கள் மதிலில் மகள் ஏறி நடப்பாள், அதற்காக. கரண்ட் பின்னேரத்தில் மட்டும் வருகிற ஊரில், ஈயம் உருக்குகிற கோலை அடுப்புத் தணலில் காய்ச்சிக் காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினார்.

நான் எத்தனை சத்தத்துக்கு ஓடுவேன்? அயலட்டை ஆடு பலகையில் ஏறினால் டிங் டொங். காற்றுக்குப் படலை ஆடினால் பாட்டு. சட்டை வாங்க வருகிற பெண்கள் படலையைத் திறந்துவிட்டுப் பயந்துபோய் நிற்பார்கள். இருந்தாலும் மெசினை இடையில் நிறுத்துவதை விட்டிருந்தேன். ஒரு சட்டையை ஒரே இருப்பில் தைத்து முடித்துவிட்டு, கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்த நாள் எனக்கு நல்ல நினைவு. மகளும் தனியாகக் கிணற்றடிக்குப் போனாள், பக்கத்து வளவுக்கு விளையாடப் போனாள். மணி எட்டும் தூரத்துக்குள்தான், ஆனாலும் போனாள்.

பிறகு பாதை பூட்டியது. சமாதானம் முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. லோஞ்சுகள் குறைந்தன, பஸ்கள் குறைந்தன, கடையில் மாவு குறைந்தது, அப்படித்தான் தெரிந்துகொண்டோம். பற்றரி கிடைப்பது பெரிய பாடாகிவிட்டது. மணிப்பெட்டிக்குப் போடுகிற பற்றரியையாவது வெயிலில் காய வைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பொத்தானுக்குள் போடுகிற அந்த விரல் துண்டளவு பற்றரி ஊரில் எங்கும் இல்லை. இருந்ததை எல்லாம் மற்ற மணிகளிலிருந்து கழற்றி, விழுந்தால் அடிக்கிற மணிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். படலையும் கிணறும் மதிலும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அந்தக் காலத்தில் ஒரு காலமை நேவிக்காரர் வீடுவீடாகத் தேடுதல் நடத்தினார்கள். எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தார்கள், அரிசிப் பானைக்குள் பார்த்தார்கள். எல்லாம் சும்மாதான் பார்த்தார்கள். விறாந்தை மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். மேசை நிறைய வயர், பொத்தான்கள், பற்றரி, இரும்புக் குண்டுகள், எண்ணெய்க் குழாய்கள். எட்ட நின்று அமத்தினால் இங்கே சத்தம் வருகிற பெட்டிகள். அவர்களுடைய கண்ணால் பார்த்தால் அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. ஒரு சாக்கில் எல்லாவற்றையும் போட்டார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. "விசாரிச்சிட்டு விடுவம்," என்றார்கள். அந்தச் சொல்லை நாங்கள் எத்தனை வருசமாகக் கேட்டிருக்கிறோம்.

மகளின் நெஞ்சில் கிடந்த பையை மட்டும் அவர்கள் கவனிக்கவில்லை.

நான் விதானையாரிடம் ஓடினேன். எங்கள் பகுதியின் கிராம அலுவலர், வயதான மனிதர், தெற்கில் வேலை பார்த்தபடியால் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சேட்டொன்றை மாட்டிக்கொண்டே, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும். பையோட," என்றார். மகளை நடத்திக்கொண்டு போனோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பாதையில் ஒரு தரம், "அப்பா என்ன பிழை செய்தவர்?" என்று கேட்டாள். "ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

முகாமில் எங்களை ஒரு தகரக் கொட்டிலில் இருக்கச் சொன்னார்கள். சீமெந்து நிலம், ஒரு மேசை, இரண்டு கதிரை. மத்தியானம் கழிந்து அதிகாரி வந்தார். என் தம்பியின் வயதிருக்கும். அவருக்கும் நித்திரை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாக்கிலிருந்தவற்றை மேசையில் பரப்பியிருந்தார்கள். என் மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தில் நிற்கவைத்தார்கள். சேட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, மற்றப்படி நன்றாகத்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

விதானையார் நீண்ட நேரம் சிங்களத்தில் கதைத்தார். பிள்ளைக்கு வலிப்பு, விழுந்தால் தாய்க்குத் தெரியவேண்டும், அதற்குத்தான் இது என்று சொல்லியிருப்பார். நான் மகளின் குளிசைப் பெட்டியையும் காட்டினேன். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார்.

"செய்து காட்டட்டாம்," என்றார் விதானையார்.

என் மனுசனின் முகம் மாறியது. அந்த இடத்திலும், அந்த நிலையிலும் அவருக்கு ஒரு ஆவல். குருவிப் பெட்டியை எடுத்துப் பற்றரியைச் சரிபார்த்து மேசையில் வைத்தார். மகளைப் பார்த்து, "பிள்ளை, விழு," என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல முழங்காலில் இருந்து, கையை ஊன்றி, சட்டை ஊத்தையாகாமல் சரிந்து படுத்தாள். எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். அது பேசாமல் இருந்தது.

"கொஞ்சம் பொறுக்கவேணும், எண்ணெய்க்குள்ளால போகவேணும்," என்றார் அவர் விதானையாரிடம். விதானையார் அதைச் சிங்களத்தில் சொன்னார். பொறுத்தோம். மணி அடிக்கவில்லை. பையை வாங்கிக் குழாயைத் தட்டினார், பொத்தானைத் திறந்து மூடினார், திரும்பக் கட்டிவிட்டார்.

"இப்பிடி மெல்லப் படுக்காதை. நீ வழமையா விழுகிற மாதிரி விழு பிள்ளை."

மகள் எழும்பி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "எப்பிடி விழுறனான் எண்டு எனக்குத் தெரியாது அப்பா," என்றாள்.

அது சரிதானே. அவளுக்கு எப்படித் தெரியும்? விழுகிறபோது அவள் அங்கே இருப்பதில்லை. கண் திறக்கிறபோது என் மடியில் கிடப்பாள். அவள் எப்படி விழுவாள் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். ஏழு வருசமாக நான் வேறு எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நான் எழும்பினேன். பையை அவளிடமிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டு, நாடாவை இடுப்பில் கட்டினேன். சீலைத் தலைப்பைச் செருகினேன். யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு முதலில் இடது கை மடியும். தலை இடப்பக்கம் திரும்பும், யாரோ கூப்பிட்டதுபோல. பிறகு முழங்கால் விடும். கையை ஊன்றமாட்டாள், தோள்தான் முதலில் நிலத்தில் அடிக்கும். அப்படியே விழுந்தேன். தோள் சீமெந்தில் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. கையை இழுத்துக்கொண்டு, கன்னம் நிலத்தில் பட, கண்ணைத் திறந்தபடி கிடந்தேன்.

நிலம் வெப்பமாக இருந்தது. மேசைக்குக் கீழே அதிகாரியின் சப்பாத்துத் தெரிந்தது. வெளியே யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள். கிடந்தபடியே எனக்கு ஒரு எண்ணம் வந்தது: இப்படியே கொஞ்ச நேரம் கிடக்கலாம் போல இருக்கிறது. எழும்பச் சொல்லாவிட்டால் எழும்பத் தேவையில்லை. அவ்வளவு களைப்பாக இருந்தேன்.

மணி அடிக்கவில்லை.

அதிகாரிதான் முதலில் கதைத்தார். கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பி, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, சின்னதாக ஏதோ சொன்னார். விதானையார் என் கையைப் பிடித்துத் தூக்கினார். "காணுமாம், போதுமாம் பிள்ளை. எழும்பட்டாம்," என்றார்.

யாரோ மகளுக்கு ஒரு கோப்பையில் சீனித் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி இன்னும் கொஞ்சம் கதைத்தார். வேலை செய்யாத சாமான்தானே, பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும், இனி இப்படி ஒன்றும் செய்யவேண்டாம் என்பது அதன் பொருள். விதானையார் சொல்லச் சொல்ல எனக்கு உயிர் திரும்பி வந்தது.

என் மனுசன் வாயைத் திறந்தார். "ஐயா, இது வேலை செய்யும். பற்றரிதான் இறங்கியிட்டுது. ஒரு புதுப் பற்றரி இருந்தால் நான் இப்பவே..."

நான் அவருடைய கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். விதானையார் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பி வரும்போது விதானையார் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். என் தோள் வலித்தது. மகள் என் பக்கத்தில் நடந்தாள். கனக்கத் தூரம் வந்தபிறகு, "அம்மா, நான் அப்பிடியே விழுறனான்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"தோள் நோகுமே."

"விழேக்கை உனக்குத் தெரியாது பிள்ளை."

"பிறகு நோகும்தான். நான் நித்திரையில பிரண்டு படுத்ததாக்கும் எண்டு நினைச்சனான்," என்றாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் வைத்தேன். என் மனுசன் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்க்காமல், "நீர் சரியா விழேல்லைப் போல," என்றார். "பை ஒரு பக்கம் திரும்பியிட்டுது. அல்லாட்டில் எண்ணெய் இறுகியிருக்கும்."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அந்தக் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். அன்றைக்கு ஏலவில்லை. உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன். விட்டது பெரிது, உயிரோடு வந்தது பெரிது என்று அவருக்கும் தெரியும். அடிக்காத மணிதான் அவரை வெளியே கொண்டுவந்தது என்பதும் தெரியும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பல மாதம் எதையும் கழற்றவில்லை. பற்றரியா எண்ணெயா என்று இடைக்கிடை தனக்குள் முணுமுணுப்பார். ஊரில் யாராவது றேடியோவைக் கொண்டுவந்தால், "நான் இப்ப திருத்திறேல்லை," என்று திருப்பி அனுப்பினார். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. எனக்குத் திரும்பவும் மெசினை நிறுத்தி நிறுத்தித் தைக்கிற வேலை வந்துவிட்டது. குளிசையும் குறைந்துகொண்டு வந்தது. அரைக் குளிசையாக உடைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு டொக்டர் கிட்டடியில் இல்லை. கேட்காமலே கொடுத்த நாட்களும் உண்டு. யாராவது யாழ்ப்பாணத்திலிருந்து லோஞ்சில் வந்தால் துறையடிக்குப் போய், "எங்கட குளிசை வந்ததோ?" என்று நிற்பேன்.

ஒரு ஆட்டுமணியைக் கழுத்தில் கட்டிவிடலாமா என்றுகூட ஒருநாள் கேட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டேன்.

முகாமிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கத் தொடங்கினாள். சாப்பிடும்போது, சீப்பால் தலை இழுக்கும்போது, சும்மா இருக்கும்போது. "முதல் எந்தக் கை அம்மா? இடதோ? தலை எவ்வளவு திரும்பும்? அப்ப நான் கதைப்பனோ?" அதுவரை நானும் அவரும் அவளுடைய வலிப்பு வருத்தத்தைப் பற்றி அவளுக்கு முன்னால் கதைத்ததில்லை. அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். சில நேரம் எழும்பி நின்று காட்டினேன். அவள் தன் இடது கையை மடித்து மடித்துப் பார்ப்பாள். விழுவதற்கு முன்னால் அந்தக் கைவிரல் நுனியில் எறும்பு ஊருகிறமாதிரி இருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அது எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் நாங்கள் சொல்லவில்லை.

ஒருநாள் நான் குசினியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, வருது," என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மகள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, அடுப்பை விட்டுத் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தாள். நகர்ந்து முடியத்தான் கை மடிந்தது. தோள் அடிக்கவில்லை. நான் கை கழுவாமல் ஓடிப்போய்ப் பிடித்தேன், அம்மிக் கூட்டெல்லாம் அவளுடைய சட்டையில். எப்போதும் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தது என்று இல்லை. சொல்லாமல் விழுந்து நெற்றி பிளந்த நாளும் இருந்தது. ஆனால் சில தரம் சொன்னாள்.

சண்டை முடிந்த வருசத்தில் ஊருக்குள் ஒவ்வொருவர் கையிலும் போன் வந்துவிட்டது. போன் பழுதானால் அதைக் கொண்டு எங்கே போவது? என் மனுசனிடம் கொண்டுவந்தார்கள். முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒன்றைத் திறந்து பார்த்தார். மேசையில் திரும்பவும் சாமான் சேர்ந்தது. ஒருநாள் தமையன் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, "இப்ப நல்ல சாமான்கள் வந்திருக்கு தம்பி. கையில கட்டிவிட்டால் பிள்ளை விழுந்தால் உன்ரை போனுக்கே சொல்லும். அனுப்பட்டே?" என்று கேட்டார். என் மனுசன் மகளைப் பார்த்தார். அவள் மதிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணை," என்றார். கேட்டாரோ தெரியாது. சாமான் வரவில்லை.

அந்த வருசம் பள்ளிக்கூட நாளொன்றில், காலமை, பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் ஒரு கதை சொல்ல, நான் வயிறு நோகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் மகள் வந்தாள். உடுப்பு மாற்றினாள், கை கழுவினாள், சாப்பிட இருந்தாள். சோறு போட்டேன். மீனைப் பிய்த்துக்கொண்டே, "இண்டைக்கு வகுப்பில வந்தது அம்மா," என்றாள்.

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. "எப்ப?"

"இடைவேளைக்கு முதல். பக்கத்தில இருக்கிறவளவைக்கு நான் முன்னமே சொல்லி வச்சனான்தானே. அவளவை கதிரையை இழுத்துவிட்டு, சரிச்சுப் படுக்க விட்டிருக்கினம். புத்தகப் பையைத் தலைக்கு வச்சவை. ரீச்சர் என்னை வீட்டை அனுப்பப் பாத்தவ. வேண்டாமெண்டு சொல்லியிட்டன். பிறகு கணக்குப் பாடம் நடந்தது."

இடைவேளைக்கு முதல். நான் மதிலடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு அப்போது ஒன்றுமே தெரியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை என் முன்னால் இருந்து சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டியது எவ்வளவோ இருந்தது. தோள் நொந்ததா, யார் யார் பார்த்தார்கள், யாராவது சிரித்தார்களா. எதிரில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். கால் இரண்டும் அவ்வளவு நொந்தது.

"சொதி இன்னும் கிடக்கே அம்மா?" என்று கேட்டாள்.

"குசினிக்குள்ள சட்டியில இருக்கு," என்றேன். அவளே எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.